அட்டைப்படம்: நன்றி இணையம்

யாழ்ப்பாணத்தில் நூல் வெளியீட்டு விழாக்களுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு நிகழ்ச்சிநிரல் மனப்பாடம். மங்கல விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, முதற்பிரதி வழங்கல், நயப்புரை, ஏற்புரை, நன்றியுரை. இத்தனை உரைகளுக்கு நடுவில் அட்டையைப் பற்றி ஒரேயொரு வசனம் வரும்: “நூலின் அட்டைப்படமும் அழகாக அமைந்திருக்கின்றது.” சொல்லும்போது பேச்சாளர் புத்தகத்தைத் தூக்கிச் சபைக்குக் காட்டுவார். பின்வரிசைக்கு நீல நிறத்தில் ஏதோ தெரியும். அடுத்த நிமிடம் அவர் 17ஆம் பக்கத்து எழுத்துப்பிழைக்குப் போய்விடுவார்.

அந்த அழகான அட்டையைச் செய்தது யார் என்று உள்ளே பார்த்தால், பதிப்பு விபரப் பக்கத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும், தொலைபேசி இலக்கம் இருக்கும், தாளின் அளவு, பக்கம், விலை எல்லாம் இருக்கும். அட்டைக்கு நேரே “நன்றி: இணையம்” என்றிருக்கும். சிலர் இன்னும் நேர்மையாக “கூகுள்” என்றே போட்டுவிடுவார்கள். யாரோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் அதிகாலையில் எழும்பிப் போய் எடுத்த சூரியோதயம் அது. அவருக்கு இப்படியொரு கவிதைத் தொகுதி வந்ததே தெரியாது.

புரூவ் பார்ப்பது, பக்கம் அமைப்பதில் ஒத்தாசை செய்வது, நண்பர்களின் புத்தகங்களோடு அச்சகத்துக்கு அலைவது என்று இந்த வேலைகளுக்குப் பக்கத்திலேயே என் காலம் போகிறது. அதனால் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒரு புத்தகத்துக்காக வருடக்கணக்கில் உழைக்கிறோம், அட்டைக்குக் கடைசி வாரத்தில் அரை நாள் ஒதுக்குகிறோம். 300 பிரதியோ 500 பிரதியோ அடிக்கிறோம். வாங்குகிறவர்களில் பாதிப்பேர் முழுதாக வாசிப்பார்கள் என்று வைத்தாலும் அது சின்னக் கூட்டம். அட்டையைப் பார்க்கிறவர்களோ முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் புத்தகக் கடைக் கண்ணாடியிலுமாக ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அந்தப் பெருங்கூட்டத்துக்கு உங்கள் புத்தகத்தில் கிடைக்கப் போகிற ஒரே பக்கம் அதுதான். அதைச் செய்யும் வேலையைப் புத்தகத்தை வாசிக்காத ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

ஒரு கவிதைத் தொகுதியின் அட்டை தயாரானபோது பக்கத்தில் இருந்து பார்த்தேன். எழுதியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். கணினிக்கு முன்னால் இருந்த பெடியனுக்கு அவருடைய பேரன் வயது.

“தம்பி, பின்னுக்கு ஒரு சூரியனைப் போடும் பாப்பம்.”

சூரியன் வந்தது.

“உதயமாகிற மாதிரி இருக்க வேணும். இது மைமல் பொழுது மாதிரிக் கிடக்கு.”

“ரெண்டுக்கும் படம் ஒண்டுதான் சேர்.”

“சரி, அப்ப ஒரு புறாவையும் விடும்.”

புறா பறந்தது. பிறகு ஒரு கை வந்தது. கையில் பேனா, பேனா முனையில் ஒரு துளி. துளி சிவப்பா நீலமா என்று கொஞ்ச நேரம் கதை நடந்தது. இவ்வளவுக்கும் மேலே தலைப்பை வைத்தபோது எழுத்து விளங்கவில்லை. எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கரை கட்டினார்கள். அதற்கும் எடுக்கவில்லை என்று கறுப்பு நிழல் விழுத்தினார்கள். ரீ வந்தது, குடித்தோம், அட்டை முடிந்தது.

அந்தக் கவிதைகளை நான் புரூவில் வாசித்திருந்தேன். அவற்றில் சூரியனும் இல்லை, புறாவும் இல்லை. நல்ல கவிதைகள் எல்லாம் வீட்டைச் சுற்றியே நடந்தன. மகன் வெளிநாடு போன பிறகு கொட்டிலுக்குள் பூட்டியபடி நிற்கிற சைக்கிள் ஒன்று, அதற்கு இடைக்கிடை காற்றடித்து வைக்கிற தகப்பன் ஒருவர். தொகுதியிலேயே உச்சமான கவிதை அது. அந்தச் சைக்கிள் அட்டைக்கு வரலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். “சைக்கிளோ? கடைக்காரன் விளம்பரம் எண்டு நினைக்கப் போறாங்கள்” என்றார். அவரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அட்டை என்றால் அதில் பெரிய விசயம் ஏதாவது இருக்க வேண்டும் என்று நாங்கள் எல்லாருமே நினைத்துப் பழகிவிட்டோம். விடுதலை, உதயம், சமாதானம், தாய்மை, கண்ணீர். உள்ளே எழுதும்போது நுணுக்கமாக எழுதுகிற ஆட்கள்கூட, வாசலுக்கு வந்ததும் மேடைப் பேச்சுக்கு மாறிவிடுகிறார்கள்.

அந்தப் பெடியனிலும் குறை இல்லை. அவன் வேலை பழகிய இடத்தைப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்து வடிவமைப்பாளர்களில் அநேகர் கைபழகியது கலியாண அல்பம், சாமத்திய வீட்டு அல்பம், பிறந்தநாள் பனர், மரண அறிவித்தல், அதற்கெல்லாம் மேலாகக் கல்வெட்டு ஆகியவற்றில்தான். ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கல்வெட்டைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒருவர் இறந்து 31ஆம் நாள் நடக்கும் நிகழ்வில் வந்தவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலர் அது. சிவபுராணம், தேவாரம், திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, பிள்ளைகளின் புலம்பல், பேரப்பிள்ளைகளின் கவிதை, வம்சாவளி, நன்றி நவிலல் என்று எல்லாம் உண்டு. எங்கள் ஊரில் கல்வெட்டு இல்லாத வீட்டைக் காண்பது கடினம். ஒரு புத்தகம்கூட வாங்காத வீட்டு அலுமாரியிலும் கல்வெட்டுகள் ஒரு கட்டு இருக்கும். எறிய மனம் வராது.

கல்வெட்டின் அட்டைக்கென்று ஒரு இலக்கணமே இருக்கிறது. நடுவில் முகம், ஒரு முட்டை வடிவத்துக்குள். இரு பக்கமும் குத்துவிளக்கு. கீழே தாமரை. பின்னால் முகில் கூட்டம், முகிலுக்குள் ஒளிக்கீற்று. இடப்பக்கம் தோற்றம், வலப்பக்கம் மறைவு. முகம் பெரும்பாலும் அடையாள அட்டைப் படத்திலிருந்தோ, யாரோ ஒருவரின் கலியாணக் குழுப் படத்திலிருந்தோ வெட்டி எடுத்ததாக இருக்கும். பக்கத்தில் நின்றவரின் தோள்மூட்டு ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் நிற்கும். வாழ்நாள் முழுக்க வேட்டி சால்வையோடு திரிந்த மனிசனுக்குக் கணினியில் கோட்டும் ரையும் போட்டுவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கமக்காரர் அப்படிப் புது உடுப்போடு முகில்களுக்கு நடுவே இருந்தார். வந்த சனம் ஆளை மட்டுக்கட்டக் கொஞ்சம் சிரமப்பட்டது.

நான் கேலிக்காகச் சொல்லவில்லை. கல்வெட்டு அட்டை தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. இறந்தவரைத் தெய்வமாக்குவது அதன் வேலை. ஒளிவட்டமும் முகிலும் தாமரையும் அந்த வேலைக்குத்தான். கரைச்சல் எங்கே தொடங்குகிறது என்றால், அதே கை, அதே கணினியில், அடுத்த வேலையாக ஒரு நாவலை எடுக்கும்போது. நாவலின் தலைப்புக்கும் ஒளிவட்டம் வருகிறது. சிறுகதைத் தொகுதியின் பின்னணியிலும் முகில் வருகிறது. எழுத்தாளர் உயிரோடு இருக்கும்போதே பின்னட்டையில் ஒரு முட்டை வடிவத்துக்குள் போய் இருந்துவிடுகிறார்.

பழைய அட்டைகளைப் பார்க்கும்போது இந்தக் கரைச்சல் இல்லை. 1960களிலும் 70களிலும் யாழ்ப்பாணத்தில் வந்த புத்தகங்களை எடுத்துப் பாருங்கள். தாள் மட்டம், கட்டு மட்டம், ஆனால் அட்டை கண்ணை நிறுத்தும். அந்தக் காலத்து ஆட்களுக்கு இரசனை கூட என்று சொல்ல மாட்டேன். காசு குறைவு என்பதுதான் காரணம். அன்றைக்கு அட்டையில் ஒரு படம் வர வேண்டுமென்றால் அதை முதலில் ஒருவர் வரைய வேண்டும். வரைந்ததைப் புளொக் செய்யக் கொடுக்க வேண்டும். நாகத் தகட்டில் அமிலம் ஊற்றி, கோடுகளை மட்டும் நிற்க விட்டு மிச்சத்தை அரித்து எடுப்பார்கள். ஒரு நிறத்துக்கு ஒரு புளொக். இரண்டாவது நிறம் வேண்டுமா, இரண்டாவது புளொக். மெசினில் மை கழுவி, புது மை பூசி, எல்லா அட்டையையும் இன்னொரு தரம் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் கூலி. ஆகவே எழுத்தாளரும் அச்சகக்காரரும் ஓவியரும் இருந்து கதைத்து ஒரு முடிவுக்கு வந்தே ஆக வேண்டும். இந்தப் புத்தகத்துக்கு எது வேண்டும், எது வேண்டாம்?

இரண்டு நிறத்தை வைத்து அவர்கள் காட்டிய வித்தையைச் சொல்லி முடியாது. என்னிடம் இருக்கும் ஒரு சிறுகதைத் தொகுதியின் அட்டையில் மஞ்சளும் நீலமும்தான். மஞ்சள் புளொக்கில் ஒரு முற்றம், நீலப் புளொக்கில் ஒரு மனிதன். மனிதனின் நிழல் முற்றத்தில் விழுகிற இடத்தில் நீலம் மஞ்சளுக்கு மேலே ஏறிப் பச்சையாகிறது. காசு கொடுக்காத மூன்றாவது நிறம் அது. அவன் சட்டைக்கு மை இல்லை, தாளின் வெள்ளையை அப்படியே விட்டிருக்கிறார்கள். மெசினில் தாள் ஒரு மயிரிழை விலகியதால் காலடியில் ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறது. அந்தப் பிசகுகூட அவன் நிலத்தில் முழுதாக ஊன்றி நிற்கவில்லை என்று சொல்வதுபோல இருக்கிறது. நான் கொஞ்சம் கூட்டித்தான் வாசிக்கிறேன் போல, ஆனாலும் கூட்டி வாசிக்க இடம் தருகிற அட்டை அது. இன்றைக்கு ஓப்செற்றிலும் டிஜிற்றலிலும் நிறத்துக்கு அளவே இல்லை. சூரியனைப் போட்டாலும் அதே காசு, சூரியனோடு புறாவைப் போட்டாலும் அதே காசு. ஒன்றையும் விடத் தேவையில்லாததால் ஒன்றையும் தேர்ந்தெடுப்பதில்லை.

ஓவியர் ரமணியின் பெயரை இந்த இடத்தில் சொல்லாமல் போனால் பாவம். ஈழத்துப் புத்தகங்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் அவர் வரைந்த அட்டைகள் ஏராளம். எத்தனையோ எழுத்தாளர்களின் முதற் புத்தகத்துக்கு முகம் கொடுத்த கை அது. புத்தகங்களைப் பற்றி ஆய்வு செய்தவர்கள் உண்டு, எழுதியவர்களைப் பற்றி மலர் வெளியிட்டவர்கள் உண்டு. அட்டைகளை மட்டும் திரட்டி ஒரு கண்காட்சி வைத்தால் சனம் வராதா என்ன?

மல்லிகையையும் சொல்ல வேண்டும். 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய சஞ்சிகை. தென்னிந்தியாவிலிருந்து வந்து குவிந்த சஞ்சிகைகளின் அட்டையில் நடிகைகள் சிரித்துக்கொண்டிருந்த காலம். மல்லிகையின் அட்டையில் ஒரு எழுத்தாளர் இருப்பார், ஒரு கலைஞர் இருப்பார், ஒரு கல்விமான் அல்லது சமூகத்துக்கு உழைத்த ஒருவர் இருப்பார். வடிவமைப்பு என்று பார்த்தால் அதில் பெரிய விசேஷம் ஒன்றுமில்லை, ஒரு முகமும் சஞ்சிகையின் பெயரும்தான். ஆனால் எங்கள் ஊரில் எழுதுகிற ஒருவரின் முகம் கடையில் தொங்கும் தகுதி உடையது என்று ஒவ்வொரு இதழும் சொன்னது. அட்டையில் இருந்தவர்களைப் பற்றிய கட்டுரைகள் பிறகு தனிப் புத்தகங்களாகவே வந்தன. யாரை அட்டைக்குத் தெரிவு செய்வது என்பதே ஒரு அரசியல் என்பதை ஜீவா அளவுக்குத் தெரிந்து வைத்திருந்தவர்கள் குறைவு. இன்றைக்கும் வயதான ஆட்கள் ஒருவரை அறிமுகம் செய்யும்போது “மல்லிகை அட்டையில வந்தவர்” என்று சொல்வதைக் கேட்கலாம்.

பிறகு போர்க்காலப் பொருளாதாரத் தடை வந்த 90களின் முதற்பாதி. தாள் கிடையாது. பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் வந்தன. நீலக் கோடுகளுக்கு மேலேயே அச்சு. அந்த இதழ்களைக் கையில் எடுத்தால் செய்தியைவிடக் கோடுதான் முதலில் கண்ணுக்குப் படும். எந்த ஓவியரும் கீறியிருக்க முடியாத அட்டைகள் அவை. அவ்வளவு போதும், அந்தக் காலத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

வெளியே கொஞ்சம் பார்ப்போம். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் புத்தகத்துக்கு மேலே போட்ட தாள் உறை, உள்ளே உள்ள துணிக்கட்டில் ஊத்தை படாமல் இருக்கத்தான் வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனதும் கழற்றி எறிந்துவிடுவார்கள். எங்கள் பக்கத்திலோ அட்டைப்படம் என்ற ஒன்றே கிடையாது. வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் அச்சியந்திரம் வைத்த காலத்துப் புத்தகங்களில் முகப்புத் தாள்தான் எல்லாம். நூலின் பெயர், செய்தவர் பெயர், பரிசோதித்தவர் பெயர், அச்சிட்ட யந்திரசாலை, வருடம் எல்லாம் நடுவில் ஒழுங்காக அடுக்கி, பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்துக்கு இறங்கி வரும். படம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த முகப்புகளில் ஒரு கம்பீரம் இருக்கிறது. எழுத்துகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி விடுவது என்று யாரோ ஒருவர் நின்று யோசித்திருக்கிறார்.

எழுத்தும் இடைவெளியும் போதும் என்பதை உலகத்துக்கே காட்டியது இங்கிலாந்தின் பென்குவின் பதிப்பகம். 1935இல் அலன் லேன் ஒரு சிகரெட் பெட்டி விலைக்கு, ஆறு பென்சுக்கு, புத்தகம் போட்டார். அட்டையில் மூன்று பட்டை. மேலும் கீழும் நிறம், நடுவில் வெள்ளை, வெள்ளையில் தலைப்பு. செம்மஞ்சள் என்றால் கதை, பச்சை என்றால் துப்பறிதல், கடும் நீலம் என்றால் வாழ்க்கை வரலாறு. எட்வேர்ட் யங் என்ற இளைஞரை லண்டன் மிருகக்காட்சிச்சாலைக்கு அனுப்பி அந்தப் பறவையைக் கீறுவித்தார்கள். இணையத்தில் தேடி எடுக்கவில்லை, ஆளை அனுப்பினார்கள்! அதைத்தான் நான் கவனிக்கச் சொல்வது. 1947இல் ஜான் சிசோல்ட் என்ற அச்சுக்கலைஞர் வந்து அந்தப் பட்டைகளையும் எழுத்துகளின் இடைவெளியையும் திரும்பவும் ஒழுங்குபடுத்தினார். படமே இல்லாத அட்டைக்கு இவ்வளவு மினக்கெட்டிருக்கிறார்கள்.

தமிழில் எழுத்தை வைத்தே அட்டை செய்வது ஆங்கிலத்தைவிடக் கடினம். எங்கள் தலைப்புகள் நீளம். எழுத்துகள் அகலம். மேலே விசிறியும் புள்ளியும், கீழே உகரச் சுழியும். இரண்டு வரியில் தலைப்பை அடுக்கினால் மேல்வரியின் “மு”வும் கீழ்வரியின் “கீ”யும் முட்டிக்கொள்ளும். முட்டாமல் இருக்க வரிகளை விலக்கினால் தலைப்பு இரண்டு துண்டாகத் தெரியும். இந்தச் சிக்கலைக் கையால் எழுதுகிறவர் சுலபமாகத் தீர்த்துவிடுவார். ஒரு காலை நீட்டுவார், ஒரு சுழியை அடுத்த எழுத்தின் வயிற்றுக்குள் விடுவார். தமிழ்நாட்டில் ஓவியர் ஆதிமூலம் அட்டைகளுக்கு எழுதிய எழுத்துகளைப் பாருங்கள், தலைப்பே படமாக நிற்கும். எங்களிடமும் கடைப் பெயர்ப்பலகை எழுதுகிறவர்கள் இருந்தார்கள், அச்சகத்தில் தலைப்பு எழுதிக் கொடுக்கிறவர்கள் இருந்தார்கள். கணினி வந்ததும் பாமினி என்ற எழுத்துரு வந்தது. மரண அறிவித்தலும் பாமினி, காதல் நாவலும் பாமினி. இடம் போதாவிட்டால் பக்கவாட்டில் நெரிப்பார்கள், இடம் கூடினால் இழுப்பார்கள். நெரித்த எழுத்தில் ஒரு நாவலின் பெயரைக் காணும்போது எனக்கு மூச்சு முட்டும். இப்போது நல்ல யுனிகோட் எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் பழைய கை இன்னும் பாமினியைத்தான் தேடிப் போகிறது.

புத்தகத்தின் முதுகைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. 80 ஜிஎஸ்எம் தாளில் 200 பக்கப் புத்தகத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் முதுகு வரும். எங்கள் கவிதைத் தொகுதிகள் பல 64 பக்கம். நடுவில் கம்பி அடித்தால் முதுகே இல்லை. அலுமாரியில் வைத்த நிமிடமே அந்தப் புத்தகம் மறைந்துவிடும், அதைத் திரும்ப எடுக்க எழுதியவரே கஷ்டப்படுவார். முதுகு உள்ள புத்தகங்களிலும் சிலவற்றில் தலைப்பு மேலிருந்து கீழாகவும் சிலவற்றில் கீழிருந்து மேலாகவும் ஓடுகிறது. ஒரு தட்டை வாசித்து முடிக்கக் கழுத்தை இரண்டு பக்கமும் மாறி மாறிச் சாய்க்க வேண்டும்.

வெயிலும் மழையும் வேறு. யாழ்ப்பாணத்து மேற்கு வெயில் விழுகிற கடைக் கண்ணாடிக்குள் ஒரு புத்தகத்தைச் சில மாதம் வைத்துப் பாருங்கள். முதலில் மஞ்சளும் சிவப்பும் போகும். நீலமும் கறுப்பும் நிற்கும். ஆசையாகப் போட்ட உதயசூரியன் நிலவாகிவிடும். மழைக்காலத்தில் இன்னொரு வேடிக்கை. வெளிப்பக்கம் மட்டும் லமினேற் செய்த அட்டையில், உள்பக்கத்துத் தாள் ஈரத்தைக் குடித்து விரியும், வெளிப்பக்கம் விரியாது. அட்டை வாய் பிளந்து வெளிப்பக்கமாகச் சுருளும். ஐப்பசி, கார்த்திகையில் வெளியிட்ட புத்தகங்கள் மேசையில் தாமாகவே திறந்து கிடக்கும். அச்சகத்துக்காரரைக் கேட்டால் “மழை நிண்டாப் படிஞ்சிடும்” என்பார். படியாது.

அட்டைகளை மினக்கெட்டு யோசிக்க இன்னொரு காரணம் உண்டு. ஒரு புத்தகத்தில் முதலில் அழிவது அதுதான். நூலகங்கள் புத்தகத்தைக் காக்கவென்று கட்டுவிக்கக் கொடுக்கும்போது, கட்டுகிறவர் பழைய தாள் அட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு றெக்சின் மட்டை போடுவார். உள்ளே ஒரு எழுத்தும் குறையாது, முகம் போய்விடும். 1981 ஜூன் முதலாம் திகதி இரவில் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 புத்தகங்கள் இருந்தன. அவற்றில் வேறு இடத்தில் பிரதி இருந்தவற்றை மறுபதிப்பாகக் கொண்டுவரலாம், கொண்டும் வந்திருக்கிறார்கள். மறுபதிப்பு வேறு அட்டையோடுதான் வரும். எழுதியவர் முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்த்த புத்தகம் எப்படி இருந்தது என்பது அதோடு போகிறது.

வீடுகளில்தான் கொஞ்சம் தப்பியிருக்கிறது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு மட்டுமல்ல, நாவலுக்கும் உறை போடுவார்கள். பழைய கலண்டர் தாளைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் வெளியே வர மடித்து, பேனாவால் பெயர் எழுதி வைப்பார் அப்பா. சின்ன வயதில் எனக்கு அது பிடிக்காது, எல்லாப் புத்தகமும் ஒரே மாதிரி இருக்கும். அண்மையில் அந்த உறைகளைக் கழற்றினேன். உள்ளே சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது. மொஸ்கோவிலிருந்து முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் அனுப்பிய கெட்டி மட்டைப் புத்தகம் ஒன்று அச்சகத்திலிருந்து நேற்று வந்ததுபோல் இருந்தது. அந்தப் புத்தகங்களின் மொழிபெயர்ப்பு வாயில் நுழையாது என்று சிரிப்போம். கட்டுமானத்தில் ஒருவரும் குறை சொல்லவில்லை.

2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் பழைய புத்தகங்களை மின்வருடி வைக்கும்போது அட்டை இருந்தால் அட்டையோடு வைக்கிறார்கள். இரவில் நித்திரை வராவிட்டால் அங்கே போய் அட்டைகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. பத்து வருட அட்டைகளை வரிசையாகப் பார்த்தால் ஊர் என்ன நினைத்துக்கொண்டிருந்தது என்று தெரியும். ஒரு காலத்தில் உழவரும் அரிவாளும் எழுகிற கைமுட்டியும். பிறகு முட்கம்பி. பிறகு தலையற்ற பனை.

தலையற்ற பனையைப் பற்றி ஒரு வார்த்தை. போரில் செல் விழுந்து வட்டு முறிந்த பனைகள் வரிசையாக நின்றதை நாங்கள் கண்ணால் கண்டோம். முதன்முதலில் அதை அட்டைக்குக் கொண்டுவந்தவர் உண்மையைத்தான் கொண்டுவந்தார். ஐம்பதாவது அட்டையில் அது முத்திரையாகிவிட்டது. இப்போது சென்னையில் அச்சாகும் எங்கள் புத்தகங்களுக்கு அங்குள்ள வடிவமைப்பாளர்கள் அதையே போடுகிறார்கள். ஈழம் என்றதும் முட்கம்பி, துவக்கு, பனை. உள்ளே இருப்பது கொக்குவிலில் நடக்கிற குடும்பக் கதையாக இருந்தாலும் சரி, அட்டையில் போர். விற்கும் என்கிறார்கள். விற்கலாம். ஆனால் வாங்கியவர் 40 பக்கம் வாசித்துவிட்டு “எங்கே போர்?” என்று தேடத் தொடங்கினால் அந்தக் கதை அவரிடம் போய்ச் சேராது.

எங்களிடம் வேறு ஒன்றும் இல்லையா? வலிகாமத்துச் செம்மண்ணின் நிறம் இருக்கிறது, அதைச் சரியாகக் கொண்டுவந்த ஒரு அட்டையை நான் இன்னும் காணவில்லை. கிணற்றுக் கட்டின் சுண்ணாம்புக் கல்லில் கயிறு அறுத்த தடம் இருக்கிறது. மணற்காட்டு வெள்ளை மணல் இருக்கிறது. வீட்டுக் கேற்றில் வெல்டிங் செய்த பூக்கள் இருக்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருதனார்மட நுண்கலை வளாகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் படித்து ஆண்டுதோறும் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். அவர்களிடம் புத்தக அட்டை கேட்டுப் போகிறவர்கள் குறைவு. போனாலும், “ஒரு சின்ன வேலை, தம்பி சும்மா செய்து தாரும்” என்று போகிறார்கள். மண்டபத்துக்குக் காசு கொடுக்கிறோம், ஒலிபெருக்கிக்குக் காசு கொடுக்கிறோம், வந்தவர்களுக்கு ரோல்ஸும் பற்றீசும் கொடுக்கிறோம். அட்டைக்கு மட்டும் நன்றி கொடுக்கிறோம், அதுவும் இணையத்துக்கு.

இப்போது நண்பர் ஒருவரின் சிறுகதைத் தொகுதி வரப்போகிறது. அட்டைக்கு ஒரு தங்கச்சியிடம் போயிருக்கிறோம். முதலில் அவள் கேட்டது கையெழுத்துப் பிரதி. “எல்லாக் கதையும் வேணுமோ பிள்ளை, தலைப்புக் கதை காணாதோ?” என்று நண்பர் கேட்டார். எல்லாம் வேண்டும் என்றாள். கூலியையும் நேரே சொன்னாள். நண்பர் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். இரண்டு கிழமை கழித்து, படம் ஏதும் அனுப்பாமல், ஒரு கேள்வியை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள்: “அண்ணா, நாலாவது கதையில அந்த அம்மா வேலிக்கு இஞ்சால நிண்டு பக்கத்து வீட்டோட கதைக்கிறா. அது கிடுகு வேலியோ, தகரமோ, மதிலோ?”

நண்பருக்குச் சிரிப்பு வந்தது. வேலி என்றுதானே எழுதியிருக்கிறேன், அதில் என்ன இருக்கிறது என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கிடுகு என்றால் இடப்பெயர்வுக்கு முந்தின காலம். தகரம் என்றால் திரும்பி வந்து குந்திய காலம். மதில் என்றால் வெளிநாட்டுக் காசு வந்துவிட்டது, பக்கத்து வீட்டோடு அப்படி எட்டிக் கதைக்கவும் முடியாது. அவர் கதையில் மூன்று காலமும் கலந்து கிடந்தது, மூன்று தரம் புரூவ் பார்த்த என் கண்ணிலும் அது படவில்லை. அன்று பின்னேரமே கதையை எடுத்துத் திருத்தத் தொடங்கினார். தகரம் என்று அவளுக்குப் பதில் போட்டிருக்கிறார். துருப்பிடித்த தகரமா புதுத் தகரமா என்று அவள் திரும்பக் கேட்டிருக்கிறாள்.